நான்கு சிப்பாய்களும் ஒரு நாட்குறிப்பும்: போர்வீரர் வரைந்த படத்தை எப்படிப் படிப்பது?

அமெரிக்கச் சுதந்திரப் போரைப் பற்றிய படப் புத்தகங்களில் ஒரு சின்ன நீர்வண்ணப் படம் அடிக்கடி வரும். நான்கு சிப்பாய்கள் பக்கம் பக்கமாக நிற்கிறார்கள். இடது ஓரத்தில் இருப்பவர் கறுப்பினத்தவர். வெள்ளை உடை, தலையில் இறகு செருகிய தொப்பி, கையில் மஸ்கெட் துப்பாக்கி. அடுத்து நிற்பவர் காலாட்படைக்காரர். மூன்றாமவர் ஓரமெல்லாம் குஞ்சம் தொங்கும் வேட்டைச் சட்டையில் இருக்கிறார். கடைசியாக ஒரு பீரங்கிக்காரர், பீரங்கிக்கு நெருப்பு வைக்கிற திரிக்கோலோடு.

வரைந்தவர் பெயர் ழான் பாப்டிஸ்ட் அந்துவான் தெ வெர்ஜே. ஓவியம் அவருக்குத் தொழில் கிடையாது. 1762இல் இன்றைய சுவிட்சர்லாந்தின் தெலெமோன் ஊரில் பிறந்து, பிரெஞ்சுப் படையில் சப்-லெப்டினென்டாக இருந்தவர். இந்தப் படத்தின் காலமான 1781இல் இருபதைத் தாண்டாத பையன். படம் அவருடைய போர்க்கால நாட்குறிப்போடு சேர்ந்தது. இன்று அமெரிக்காவில், ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில், பிரவுன் பல்கலைக்கழக நூலகத்தின் ராணுவத் தொகுப்பில் இருக்கிறது.

கேமரா வருவதற்கு முந்தைய போர்களை நாம் இப்படிப்பட்ட படங்கள் வழியாகத்தான் கண்ணால் பார்க்க முடிகிறது. கூடவே ஒரு சிக்கலும் வருகிறது. களத்தில் இருந்தவரே வரைந்தது என்றதும் அதைப் புகைப்படம் மாதிரி நம்பிவிடுகிறோம். இன்னொரு கூட்டம் எதிர்ப்பக்கம் போய், பையன் கிறுக்கியதை எப்படி நம்புவது என்று ஒதுக்கிவிடுகிறது. வரலாற்று ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட படத்தைக் கண்கண்ட சாட்சியாக எடுத்துக்கொள்கிறார்கள். நீதிமன்றத்தில் சாட்சி சொல்பவரிடம் என்ன கேட்போம்? அங்கே எதற்குப் போனீர்கள், எவ்வளவு தூரத்தில் இருந்தீர்கள், பார்த்தது என்ன, கேள்விப்பட்டது என்ன என்று கேட்போம். படத்திடமும் அதையேதான் கேட்க வேண்டும். தெ வெர்ஜேயின் படத்தை வைத்துக்கொண்டு கேட்டுப் பார்ப்போம்.

சரி, இந்த சுவிஸ் பையன் அமெரிக்காவுக்கு ஏன் போனார்?

ஆங்கிலேயரை எதிர்த்துக் கிளம்பிய அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு உதவ, பிரெஞ்சு அரசர் தளபதி ரோஷாம்போவின் தலைமையில் சுமார் 5,500 வீரர்களை அனுப்பினார். 1780 ஜூலையில் அவர்கள் ரோட் ஐலண்டின் நியூபோர்ட் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். அந்தப் படையின் பிரிவுகளில் ஒன்று ராயல் தெ-போன் ரெஜிமென்ட். இன்றைய ஜெர்மனியில் இருக்கும் ஒரு குட்டி அரசில் ஆள் சேர்த்தது. சிப்பாய்கள் பேசியது ஜெர்மன். தெ வெர்ஜே அதில்தான் இருந்தார். பிரெஞ்சு அரசரிடம் சம்பளம் வாங்கும் ஜெர்மன் ரெஜிமென்ட், அதில் ஒரு சுவிஸ் பையன், அவர் வரைந்தது அமெரிக்கச் சிப்பாய்களை. அந்தக் காலத்து ராணுவங்கள் அப்படித்தான் இருந்தன.

இதே பகையின் இன்னொரு முனை நம் கடற்கரையில் இருந்தது. 1781 ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டையில் ஐதர் அலியின் படையும் கம்பெனிப் படையும் மோதின. 1783இல் கடலூரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரர்களும் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோதுதான், ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்ட செய்தி கப்பலில் வந்து சேர்ந்தது. அமெரிக்காவின் யார்க்டவுனில் இந்தப் பிரெஞ்சு, அமெரிக்கப் படைகளிடம் தோற்ற ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸ், 1786இல் கவர்னர் ஜெனரலாகக் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்த அதே கார்ன்வாலிஸ்தான். பள்ளியில் நிரந்தர நிலவரித் திட்டத்தை மனப்பாடம் செய்தவர்களுக்கு அந்தப் பெயர் மறந்திருக்காது.

1781 ஜூனில் பிரெஞ்சுப் படை ரோட் ஐலண்டிலிருந்து நடக்கத் தொடங்கியது. ஜூலையில் ஹட்சன் ஆற்றுப் பக்கம் அமெரிக்கத் தளபதி வாஷிங்டனின் படையோடு சேர்ந்து முகாமிட்டது. அங்கிருந்து இரண்டு படைகளும் தெற்கே வர்ஜீனியா வரை போய் யார்க்டவுனை முற்றுகையிட்டன. அக்டோபர் 19 அன்று கார்ன்வாலிஸின் படை சரணடைந்தது. ஆக, தெ வெர்ஜே அமெரிக்கச் சிப்பாய்களை எங்கோ தூரத்திலிருந்து ஒருமுறை பார்த்தவர் இல்லை. மாதக்கணக்கில் ஒரே சாலையிலும் ஒரே முகாம்களிலும் அவர்களோடு இருந்தவர். சாட்சி சம்பவ இடத்தில் இருந்தார் என்பது உறுதி.

அடுத்த கேள்வி, ராணுவத்தில் இருப்பவர் ஏன் தூரிகை எடுக்க வேண்டும் என்பது. புகைப்படக் கலை 1839இல்தான் உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்னால் எதிரியின் கோட்டை எப்படி இருக்கிறது, ஆறு எங்கே வளைகிறது, எந்த மேட்டில் பீரங்கி ஏற்றலாம் என்பதையெல்லாம் யாராவது கையால் வரைந்துதான் தளபதிக்குக் காட்ட வேண்டும். அதனால் ராணுவப் பள்ளிகளில் ஓவியம் ஒரு பாடமாகவே இருந்தது. லண்டன் அருகே வூலிச்சில் இருந்த பீரங்கிப் படைப் பள்ளியில், நீர்வண்ணத்தில் பேர்பெற்ற பால் சாண்ட்பி 1768 முதல் ஏறத்தாழ முப்பது வருடம் ஓவிய ஆசிரியராக இருந்தார். சென்னைப் பொறியாளர் படையில் சேர்ந்து தென்னிந்தியாவை அளந்த காலின் மெக்கன்சியிடமும் இதே பழக்கத்தைப் பார்க்கலாம். அவர் திரட்டிய சுவடிகளைத் தெரிந்த அளவுக்கு, அவர் சேர்த்துவைத்த கோட்டை, கோயில் படங்கள் நமக்குத் தெரிவதில்லை. சில அதிகாரிகள் வேலைக்காக வரைந்தார்கள். சிலர் முகாமில் பொழுது போகாமல் வரைந்தார்கள். தெ வெர்ஜேயின் சிப்பாய்கள் அவருடைய சொந்த நாட்குறிப்பில் இருக்கிறார்கள் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மேலதிகாரிக்கு அனுப்பவோ கடையில் விற்கவோ வரைந்த படத்துக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. பெரிய மனிதர் யாரையும் இது குளிர வைக்க வேண்டியதில்லை.

ஏன் நீர்வண்ணம்? காரணம் மூட்டையின் எடை. எண்ணெய் வண்ணம் காய நாள் கணக்கில் ஆகும். சட்டகம், துணி, எண்ணெய்க் குப்பி என்று சுமையும் கூடும். நீர்வண்ணம் என்பது பொடித்த நிறமியை வேலம்பிசின் போன்ற பசையில் குழைத்தது, அவ்வளவுதான். தண்ணீர் தொட்டால் கரையும், நிமிடங்களில் காயும், பெட்டி சட்டைப்பைக்குள் அடங்கும். லண்டனில் ரீவ்ஸ் சகோதரர்கள் இதைச் சின்னக் கட்டிகளாகச் செய்து விற்றார்கள். அதற்காகக் கலைச் சங்கம் ஒன்று அவர்களுக்கு வெள்ளியால் ஆன வண்ணம் குழைக்கும் தட்டைப் பரிசளித்தது, பொருத்தமாக அதே 1781இல்.

இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. நீர்வண்ணத்தில் தவறு செய்தால் அழிப்பது கஷ்டம். அதனால் கோடுகளை முதலில் போட்டுவிட்டு, உள்ளே நிறத்தை நிரப்புகிற பழக்கம் கைப்பழக்கக்காரர்களிடம் அதிகம். இந்த முறையில் உடையின் நிறம், மடிப்பு, பொத்தான் எல்லாம் நன்றாக வரும். முகம் வராது. முகத்துக்கு மென்மையான நிழல் வேண்டும், பொறுமை வேண்டும், நல்ல பயிற்சியும் வேண்டும். தெ வெர்ஜேயின் நான்கு பேரையும் பாருங்கள். உடையைப் பார்த்து எந்தப் படை என்று சொல்லிவிடலாம். முகத்தை வைத்து ஒருவரைச் சந்தையில் அடையாளம் கண்டுபிடிப்பது நடக்காது.

தொடக்கநிலை வாசகர் இங்கே ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். உருவப்படம் என்பது ஓர் ஆளைக் காட்டுவது. இவர் இன்னார் என்று பெயர் சொல்லும். வகைப்படம் என்பது ஒரு வகையைக் காட்டுவது. இப்படிப்பட்டவர்கள் இப்படி உடுத்தியிருப்பார்கள் என்று சொல்லும். நமக்குப் பக்கத்து உதாரணம் வேண்டுமென்றால் தஞ்சாவூரில் வெள்ளைக்காரர்களுக்காக வரைந்த கம்பெனி பாணி ஓவியத் தொகுப்புகளைச் சொல்லலாம். குயவரும் மனைவியும், நெசவாளரும் மனைவியும், சிப்பாயும் மனைவியும் என்று ஜோடி ஜோடியாக நிற்பார்கள், பின்னணியில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. அந்தக் குயவருக்குப் பெயர் இல்லை. அவர் எல்லாக் குயவருக்கும் பதிலாக நிற்கிறார். தெ வெர்ஜேயின் தாளும் அதே மாதிரிதான்: கறுப்பினக் காலாள், கோட்டு அணிந்த காலாட்படைக்காரர், குறிபார்த்துச் சுடும் காட்டுப்புற வீரர், பீரங்கிக்காரர். நான்கு பேர் நிஜத்தில் இப்படி ஓரிடத்தில் வரிசையாக நின்றிருக்க வேண்டிய தேவையே இல்லை. ஐரோப்பாவில் இருந்து வந்த பையனுக்கு அமெரிக்கப் படை விசித்திரமாகப் பட்டிருக்கிறது. ஒருவர் உடை போல இன்னொருவர் உடை இல்லை. அதைத்தான் பதிவு செய்திருக்கிறார் என்பது என் எண்ணம்.

அப்படியென்றால் படத்துக்கு மதிப்புக் குறைவா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. முகம் சொல்லாததை உடை சொல்கிறது. ஆனால் உடை பேசுவது காதில் விழ வேண்டுமென்றால் படத்தை விட்டு வெளியே வந்து, அந்த வெள்ளை உடைச் சிப்பாயின் ரெஜிமென்ட் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

போர் தொடங்கிய 1775இல் வாஷிங்டன் கறுப்பினத்தவரைப் படையில் சேர்க்க வேண்டாம் என்று உத்தரவிட்டவர். அந்த ஆண்டு நவம்பரில் வர்ஜீனியாவின் ஆங்கிலேய ஆளுநர் டன்மோர், கலகக்காரர்களின் அடிமைகள் தம் பக்கம் வந்து போரிட்டால் விடுதலை என்று அறிவித்தார். ஆண்டு முடிவதற்குள் வாஷிங்டன் தளர்ந்து, சுதந்திர மனிதர்களாக இருந்த கறுப்பினத்தவர் சேரலாம் என்றார். 1778 ஜனவரியில் ஜெனரல் வார்னம் ஒரு யோசனையோடு வந்தார். ரோட் ஐலண்டில் படைக்கு ஆளே கிடைக்கவில்லை. நியூபோர்ட் ஏற்கெனவே ஆங்கிலேயர் கையில். அடிமைகளைக் கொண்டு ஒரு படை திரட்டலாமே என்றார். பிப்ரவரியில் அந்த மாநிலச் சட்டமன்றம் ஒப்புக்கொண்டது. உடல்தகுதி உள்ள கறுப்பின அடிமையோ, கலப்பினத்தவரோ, அமெரிக்கப் பழங்குடி அடிமையோ படையில் சேர்ந்து தேர்வானால் அந்தக் கணமே விடுதலை. உரிமையாளருக்கு நஷ்டஈடாக ஆளுக்கு 120 பவுண்டு வரை.

வட அமெரிக்காவிலிருந்து நடந்த அடிமை வணிகத்தில் பெரும்பங்கு எடுத்த சின்ன மாநிலம் அது. தாராள மனம் வந்து இந்த முடிவை எடுத்ததாக நான் நினைக்கவில்லை. ஆள் பற்றாக்குறைதான் காரணம். உரிமையாளர்கள் எதிர்த்துக் கூச்சல் போட, அதே ஆண்டு ஜூன் 10க்குப் பிறகு அடிமைகளைச் சேர்ப்பது நின்றுபோனது. கதவு திறந்திருந்தது சுமார் நான்கு மாதம். அதற்குள் நுழைந்தவர்களைக் கொண்டு உருவானதுதான் கர்னல் கிறிஸ்டோபர் கிரீன் தலைமையில் இருந்த 1ஆம் ரோட் ஐலண்ட் ரெஜிமென்ட். 1778 ஆகஸ்ட் 29 அன்று நடந்த ரோட் ஐலண்ட் சண்டையில், ஆங்கிலேயருக்காகப் போரிட்ட ஜெர்மன் கூலிப்படை அடுத்தடுத்து வந்து மோதியும் இவர்கள் இடத்தை விட்டு நகரவில்லை.

பட விளக்கங்களில் தவறாமல் வரும் ஒரு பிழையைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளை உடைக்காரரை 1ஆம் ரோட் ஐலண்ட் ரெஜிமென்ட் வீரர் என்றே எழுதுகிறார்கள். 1781 ஜனவரியில் 1ஆம், 2ஆம் ரெஜிமென்ட்டுகளை ஒன்றாக்கி வெறும் ரோட் ஐலண்ட் ரெஜிமென்ட் என்று ஆக்கிவிட்டார்கள். யார்க்டவுனுக்குப் போனது அந்த ஒன்றிணைந்த படை. சின்ன விஷயம்தான். ஆனால் ஒரு படத்தின் கீழே எழுதியிருப்பது படத்தை வரைந்தவர் எழுதியதா, பின்னால் வந்தவர் எழுதியதா என்று பார்க்கும் பழக்கம் இதிலிருந்துதான் வரும். இரண்டாவது சிப்பாயைச் சில புத்தகங்கள் நியூ இங்கிலாந்து மிலிஷியாக்காரர் (உள்ளூர்க் குடிமக்கள் படைக்காரர்) என்கின்றன, வேறு சில கனடிய ரெஜிமென்ட்காரர் என்கின்றன. சிப்பாய் அதேதான், உடையும் அதேதான்; விளக்கம் மட்டும் மாறுகிறது.

இன்னொரு சாட்சியையும் கூப்பிடலாம். அதே ராயல் தெ-போன் ரெஜிமென்ட்டில் பாரன் லுட்விக் ஃபான் குளோசன் என்ற அதிகாரி இருந்தார், ரோஷாம்போவின் உதவியாளர். அவரும் நாட்குறிப்பு எழுதினார். 1781 ஜூலையில் அமெரிக்கப் படையைப் பார்த்த பிறகு, காலுறை இல்லாமலும் அரைகுறை உடையோடும் இருந்த வீரர்களைக் கண்டு மனம் நொந்து எழுதியிருக்கிறார். ரோட் ஐலண்ட் ரெஜிமென்ட்டைப் பற்றி மட்டும் அவர் பேச்சு மாறுகிறது. அதில் முக்கால் பங்கு கறுப்பினத்தவர், உடையில் அதைவிட நேர்த்தியான ரெஜிமென்ட் வேறில்லை, ஆயுதம் பிடிப்பதிலும் அணி நடையிலும் அதுவே முதல் என்று சொல்கிறார்.

இதைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி படத்துக்குப் போங்கள். அந்த வெள்ளை உடை இப்போது வேறு மாதிரி தெரிகிறது அல்லவா? ஒழுங்காக உடுத்திய கறுப்பினச் சிப்பாய் தெ வெர்ஜேயின் கற்பனை என்று யாராவது சந்தேகப்பட்டால், அவரைச் சாராத இன்னொருவர் எழுத்தால் அதையே சொல்லியிருக்கிறார். இரண்டு சாட்சிகள் ஒத்துப்போனால் வழக்கு வலுக்கும். அதற்காகக் குளோசன் சொன்ன எல்லாவற்றையும் விழுங்கிவிட வேண்டியதில்லை. வெள்ளையர் நிறைந்த 2ஆம் ரெஜிமென்ட் வந்து சேர்ந்த பிறகும் முக்கால் பங்கு என்றால் கணக்கு இடிக்கிறது. கறுப்பினச் சிப்பாய்களைப் பார்த்துப் பழகாத கண்ணுக்கு அவர்கள் கூடுதலாகத் தெரிந்திருக்கலாம். கல்யாண வீட்டில் ஒரு வரிசை வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்திருந்தால், மண்டபம் முழுக்க வெளிநாட்டுக்காரர்கள் என்று ஊரில் பேசிக்கொள்வதில்லையா, அப்படி.

அப்புறம், படத்தில் இல்லாதவை. எந்தச் சாட்சியிடமும் கடைசியாகக் கேட்க வேண்டியது அதைத்தான்.

கர்னல் கிரீன் இல்லை. 1781 மே 14 விடிகாலையில், குரோட்டன் ஆற்றங்கரையில் இருந்த காவல் நிலையை ஆங்கிலேய அரசர் பக்கம் நின்ற அமெரிக்கர்களின் குதிரைப்படை தாக்கியது. கிரீனும் அவருடைய கறுப்பினச் சிப்பாய்கள் சிலரும் அங்கே கொல்லப்பட்டார்கள். குளோசன் வியந்து பார்த்தது அதற்கு இரண்டே மாதம் கழித்து.

யார்க்டவுனின் மறுபக்கமும் இல்லை. கார்ன்வாலிஸின் படையை நம்பி, விடுதலை கிடைக்கும் என்று ஆயிரக்கணக்கான அடிமைகள் ஓடிவந்திருந்தார்கள். முற்றுகையில் உணவு குறைந்து, பெரியம்மை பரவியபோது ஆங்கிலேயர்கள் அவர்களை வெளியே துரத்தினார்கள். இரண்டு படைகளுக்கும் நடுவே இருந்த காடுகளில் அவர்கள் செத்துக் கிடந்ததை முற்றுகைக்குப் போன பலர் எழுதி வைத்திருக்கிறார்கள். பிழைத்தவர்களைப் பிடித்து உரிமையாளர்களிடம் சேர்க்க ஏற்பாடு செய்யும்படி, வெற்றி கிடைத்த ஒரு வாரத்துக்குள் வாஷிங்டன் உத்தரவு போட்டார். ஒரே களம், ஒரே மாதம். ஒரு கறுப்பினத்தவர் இறகுத் தொப்பியோடு தாளில் நிற்கிறார். காட்டில் செத்துக் கிடந்த இவர்களை யாரும் வண்ணத்தில் வரைந்ததாகத் தெரியவில்லை. தெ வெர்ஜே மறைத்தார் என்று சொல்ல வரவில்லை. சீருடையைக் காட்டுவதற்கான வகைப்படத்தில் சீருடை இல்லாதவர்களுக்கு இடம் கிடையாது. படத்தின் வகை எது என்று தெரிந்தால்தான் அதன் மௌனம் எங்கே இருக்கிறது என்றும் தெரியும்.

இந்தப் படத்தை இப்போதெல்லாம் முதல் ஆளை மட்டும் வெட்டி எடுத்துப் போடுகிறார்கள். நோக்கம் நல்லதுதான்; கறுப்பின வீரர்களை மறந்த வரலாற்றுக்கு ஒரு பதில். ஆனால் மற்ற மூவரும் போய்விட்டால், பார்ப்பவர் அதை ஒரு தனி மனிதரின் உருவப்படம் என்று நினைத்துக்கொள்கிறார். நால்வரும் ஒரே வரிசையில், ஏறத்தாழ ஒரே உயரத்தில், தனித்தனி ஆயுதத்தோடு நிற்பதைப் பார்த்தால்தான் தெ வெர்ஜே என்ன செய்தார் என்பது விளங்கும்.

யார்க்டவுனோடு ரோட் ஐலண்ட் ரெஜிமென்ட் சிப்பாய்களுக்கு வேலை முடியவில்லை. 1783 பிப்ரவரியில், ஆங்கிலேயர் கையில் இருந்த ஆஸ்வீகோ கோட்டையைப் பிடிக்க அவர்களைப் பனியில் நடத்திக் கூட்டிப்போனார்கள். கோட்டை கிடைக்கவில்லை, உறைபனியில் பலருக்குக் கால் விரல்களும் பாதங்களும் போயின. அதே ஆண்டு ஜூனில் நியூயார்க் மாநிலத்தின் சரடோகாவில் ரெஜிமென்ட்டைக் கலைத்தார்கள். கிரீனுக்குப் பிறகு தலைமை ஏற்ற ஜெரமையா ஓல்னி பிரிவுரை ஆற்றினார். அதன் பின்னும் பல ஆண்டுகள், அவர்களுக்குச் சேர வேண்டிய சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் ஓல்னி கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார்.

ரோட் ஐலண்ட் ரெஜிமென்ட்டுக்கு 1781இல் தொடங்கிய பதிவேடு ஒன்றும் பிழைத்திருக்கிறது. சிப்பாயின் பெயர், வயது, உயரம், தொழில், பிறந்த ஊர், தோல் நிறம், முடியின் நிறம் என்று கட்டம் கட்டமாக எழுதியது. பலருடைய பெயரோடு பழைய உரிமையாளரின் குடும்பப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். படத்தையும் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவருக்குக் கை துறுதுறுக்கும். வெள்ளை உடைக்காரர் இவராக இருக்குமோ, அவராக இருக்குமோ என்று விரல் வரிசை வரிசையாக இறங்கும். பதிவேட்டில் முகம் கிடையாது. படத்தில் பெயர் கிடையாது.